விதையிலிருந்து மரக்கன்று: வேம்பு, நாவல், கொன்றை, புளி, பனை... எதை எப்படி ஊன்றுவது?

மொட்டைமாடி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். திருச்சி. மொட்டை மாடியில் காலையிலிருந்து மூன்று மணி வரை நேர் வெயில் விழும். ஐப்பசி மழைக்கு ஊர்ப் பொதுநிலத்தில் நட 100 கன்று வேண்டும்.

விதைகள்: போன வருஷம் ஆனியில் பொறுக்கி டப்பாவில் மூடி வைத்த வேப்பங்கொட்டை, மூன்று வாரம் ஃப்ரிட்ஜில் இருந்த நாவல், சரக்கொன்றை, புளி, புங்கன், 20 பனங்கொட்டை. எல்லாவற்றையும் ஒரு நாள் ஊறவைத்து, 6க்கு 9 இன்ச் கறுப்புப் பையில், செம்மண்ணும் கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) சரிபாதி கலந்து, ஒரு இன்ச் ஆழத்தில் ஊன்றி 40 நாள் ஆகிறது.

கணக்கு இது: புங்கன் 20க்கு 16. புளி 20க்கு 5. கொன்றை 30க்கு 1. வேம்பும் நாவலும் பூஜ்யம். பனை மேலே ஒன்றும் தெரியவில்லை. முளைத்த புங்கனிலும் 4 கன்று மண் மட்டத்தில் நூல் மாதிரி மெலிந்து சாய்ந்துவிட்டது. எங்கே தப்பு?

நாற்றங்கால் எழுதியது:

ஆறு விதைக்கும் ஒரே பக்குவம் செய்ததுதான் தப்பு.

விதையைக் கையில் எடுத்ததும் முதலில் கேட்க வேண்டியது, இது காயப்போட்டால் பிழைக்குமா, சாகுமா என்பது. விதை ஆய்வாளர் ராபர்ட்ஸ் 1973இல் இதை வைத்தே விதைகளை இரண்டாகப் பிரித்தார். காய்ந்தாலும் உயிரோடு காத்திருப்பவை ஆர்த்தடாக்ஸ், காய்ந்தால் செத்துப்போகிறவை ரீகால்சிட்ரன்ட். கொன்றை, புளி, வாகை முதல் வகை. நாவல், பலா, மா, இலுப்பை இரண்டாவது வகை. வேம்பு நடுவில் நிற்கிறது. பக்குவமாக உலர்த்தினால் கொஞ்ச காலம் தாங்கும், வீட்டில் சும்மா வைத்தால் இரண்டு மூன்று வாரத்திலேயே முளைப்பு சரியத் தொடங்கிவிடும்.

உங்கள் வேம்பு ஒரு வருஷத்துப் பழசு. மிச்சம் இருந்தால் ஒரு கொட்டையை உடைத்துப் பருப்பைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உயிருள்ள வேப்பம்பருப்பு உள்ளே பச்சையாக இருக்கும். மஞ்சளோ பழுப்போ என்றால் அது எண்ணெய்ச் செக்குக்குத்தான் ஆகும். பார்க்க ஒரு நிமிஷம் போதும், 40 நாள் தண்ணீர் மிச்சம்.

நாவலை ஃப்ரிட்ஜ் கொன்றுவிட்டது. வெப்பநாட்டு ஈர விதைகள் உலர்ச்சியைப் போலவே குளிரையும் தாங்காது. நாவல், பலா இரண்டையும் பழம் தின்ற வாரத்திலேயே ஊன்றிவிட வேண்டும். பத்து நாள் தாமதிக்கத்தான் வேண்டும் என்றால் ஈர மணலிலோ ஈரக் கோகோபீட்டிலோ புதைத்து, காற்றுப் போகும் துணிப்பையில் கட்டி, நிழலில் வையுங்கள். இறுக மூடிய பிளாஸ்டிக் டப்பா கூடாது. விதை மூச்சு விடுகிற பொருள்.

கொன்றையும் புளியும் வேறு கதை. அவை சாகவில்லை, தண்ணீர் உள்ளே போகவில்லை, அவ்வளவுதான். பையைக் கிளறி எடுத்துப் பாருங்கள், போட்ட மாதிரியே கல்லாகக் கிடக்கும். எடுத்து மறுபடி ஊன்றலாம்.

கரிசக்காட்டான் எழுதியது:

கொன்றைக்கு நகவெட்டி போதும் தம்பி. விதையில ஒரு முனையில சின்னதா தழும்பு இருக்கும், காயோட ஒட்டியிருந்த எடம். முளை அந்தப் பக்கந்தான் வரும், அதத் தொடாத. எதிர் முனையில ஓட்ட மட்டும் ஒரு சீவு சீவு. உள்ள வெள்ளையா தெரிஞ்சா நிறுத்திரணும். அப்புறம் சாதாரணத் தண்ணியில ராத்திரி ஊறப்போடு. காலையில ரெண்டு மடங்கா உப்பியிருக்கும். உப்பாததத் திரும்பச் சீவு.

30 வெதைக்கு அரை மணி நேர வேலை. 300 வெதைன்னா வெந்நீருதான்.

நாற்றங்கால் எழுதியது:

வெந்நீர் முறையில் பலர் சொதப்புவது ஓர் இடத்தில்தான். விதையை அடுப்பில் வைத்து வேகவிடுகிறார்கள். விதையின் கன அளவைப் போல குறைந்தது ஐந்து மடங்கு, கூடினால் பத்து மடங்கு தண்ணீர் எடுத்துக் கொதிக்கவையுங்கள். அடுப்பை அணைத்து இறக்கிவிட்டு, அதற்குப் பிறகு விதையைப் போடுங்கள். அப்படியே ஆறவிட்டு மறுநாள் காலை வரை கிடக்கட்டும். தண்ணீர் குறைவாக இருந்தால் உடனே ஆறிப்போய் ஓடு இளகாது.

காலையில் உப்பியதை மட்டும் பொறுக்கி ஊன்றுங்கள். மிச்சத்துக்கு மறுபடி அதே சிகிச்சை. உப்பிய விதையைக் காயவிட்டால் போச்சு, அன்றைக்கே மண்ணுக்குள் போக வேண்டும்.

அடர் கந்தக அமில முறை நாற்றங்கால் புத்தகங்களில் இருக்கிறது. வீட்டில் வேண்டாம். யாராவது எழுதினால் அதற்குக் கீழேயே வேண்டாம் என்று எழுதுவேன்.

புளிக்கு வெந்நீர் அவ்வளவு தேவையில்லை. பக்கவாட்டில் உப்புத்தாளில் தேய்த்து இரண்டு நாள் ஊறவைத்தாலே 10 முதல் 15 நாளில் மேலே வரும். ஊறும் தண்ணீரை நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், இல்லாவிட்டால் நாறும்.

வேர்க்கால் எழுதியது:

புளி முளைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வித்திலை இரண்டும் தடித்து மேலே தூக்கிக்கொண்டு வரும். சிலதில் கொட்டையின் ஓடு தொப்பி மாதிரி மேலேயே மாட்டிக்கொள்ளும். கை சும்மா இருக்காது, பிடுங்கத் தோன்றும். பிடுங்கினால் வித்திலையோடு குருத்தும் கையோடு வரும். காலையில் ஓட்டின் மேல் தண்ணீர் தெளித்து ஈரப்பஞ்சைச் சுற்றி வைத்தால் சாயந்தரம் தானாகக் கழன்றுவிடும்.

தொப்பி மாட்டுவது ஆழம் போதாததால். மண்ணில் உரசிக்கொண்டு வரும்போதுதான் ஓடு கழலும். விதையின் தடிமனைப் போல இரண்டு மடங்கு மண் மேலே இருக்க வேண்டும். புளிக்கு ஒன்றரை முதல் இரண்டு செ.மீ. வேம்புக்கு ஒரு செ.மீ. போதும். "எல்லாம் ஒரு இன்ச்" என்பது வேம்புக்கு அதிகம்.

மொட்டைமாடி எழுதியது:

நன்றி ஐயா, நன்றி அண்ணே. வேப்பம்பருப்பை வெட்டினேன், காப்பிக்கொட்டை நிறம். கொன்றையைத் தோண்டினால் 29இல் 26 கல்லாகவே கிடக்கிறது, மூன்று அழுகியிருக்கிறது. நகவெட்டி வேலை இன்று ராத்திரி.

அந்தச் சாய்ந்த புங்கன்?

பூஞ்சணம் எழுதியது:

அது நாற்றழுகல். மண் மட்டத்தில் தண்டு நீர்கோத்த மாதிரி ஆகி, பழுப்பாகிச் சுருங்கி, மேலே இலை பச்சையாக இருக்கும்போதே சாயும். பித்தியம், ரைசோக்டோனியா என்ற மண் நோய்க்கிருமிகளின் வேலை. சாய்ந்த கன்றைக் காப்பாற்ற வழியில்லை, பையோடு அப்புறப்படுத்துங்கள். அந்த மண்ணை மற்றப் பையில் கொட்டாதீர்கள்.

காரணம் உங்கள் மண் கலவையில் இருக்கிறது. பாதிக்குப் பாதி கோகோபீட் என்றால் தண்ணீரைப் பிடித்துக்கொண்டே இருக்கும். மேலே காய்ந்த மாதிரி தெரியும், இரண்டு விரல் கீழே சொதசொதவென்று இருக்கும். நீங்கள் மேலே பார்த்து மறுபடி ஊற்றியிருப்பீர்கள்.

செய்ய வேண்டியது: காலையில் மட்டும் தண்ணீர். பூவாளியில், கன்றின் கழுத்தில் அடிக்காமல். பை வாயில் அரை செ.மீ. உயரத்துக்குக் கழுவிய ஆற்றுமணல் பரப்பினால் கழுத்துப்பகுதி காய்ந்தே இருக்கும். மிச்ச 12 பைக்கும் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கரைத்து ஒருமுறை ஊற்றுங்கள்.

கரிசக்காட்டான் எழுதியது:

காப்பரு எதுக்கு? நோய அடக்குற நல்ல பூஞ்சை, டிரைகோடெர்மா விரிடி, அதப் போடலாம்ல.

பூஞ்சணம் எழுதியது:

வருமுன் காக்க டிரைகோடெர்மா, வந்தபின் காப்பர். இரண்டையும் ஒரே வாரத்தில் போட்டால் டிரைகோடெர்மாவும் பூஞ்சைதான், காப்பர் அதையும் சேர்த்து அடிக்கும். பணம் இரண்டு தரம் போகும். அடுத்த தொகுதிக்கு விதை கிலோவுக்கு 4 கிராம் வீதம் டிரைகோடெர்மா கலந்து ஊன்றுங்கள். மண்ணில் சேர்ப்பதானால் மக்கிய தொழுவுரத்தில் கலந்து, ஈரம் தெளித்து, ஈரச்சாக்கு மூடி நிழலில் இரண்டு வாரம் வைத்துவிட்டுச் சேர்க்க வேண்டும். நேராகப் பையில் தூவுவது வீண்.

மக்காத சாணத்தைப் போட்டால் இத்தனையும் செய்து பயனில்லை. கையில் எடுத்தால் சாண வாடை வரக் கூடாது, சூடும் இருக்கக் கூடாது.

மொட்டைமாடி எழுதியது:

அப்போது கலவை என்ன விகிதம்? எவ்வளவு வாங்க வேண்டும்?

நாற்றங்கால் எழுதியது:

செம்மண் 2, மணல் 1, மக்கிய தொழுவுரம் 1. காலங்காலமாக நாற்றங்கால்களில் ஓடும் கணக்கு இது, இதை மாற்ற அவசியம் எதுவும் இல்லை.

6க்கு 9 என்பது பையைத் தட்டையாக வைத்து அளந்தது. நிரப்பினால் விட்டம் நாலு இன்ச்சுக்குச் சற்றுக் குறைவு, மண் ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் பிடிக்கும். 100 பைக்கு 150 லிட்டர். 20 லிட்டர் தண்ணீர்க் கேனால் அளந்தால் செம்மண் 4, மணல் 2, தொழுவுரம் 2. சிந்தியது சிதறியது போகச் சரியாக வரும். கால் இன்ச் சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள்.

நனைந்த பை ஒன்று இரண்டு கிலோவுக்கு மேல் நிற்கும். 100 பை என்றால் 200 கிலோவைத் தாண்டும். மாடியின் நடுவில் குவிக்காமல் சுவர் ஓரமாக, உத்திரம் போகும் இடத்தில் வரிசையாக வையுங்கள்.

மாடியில் எடை குறைக்கக் கோகோபீட் வேண்டுமானால் கால் பங்குக்கு மேல் வேண்டாம். உப்பு நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்த பீட்டில் உப்பு நிற்கும். மூன்று தண்ணீரில் ஊறவைத்து வடித்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் உப்பாக இருந்தால் பை வாயில் வெள்ளை பூக்கும், இலை நுனி கருகும். அந்த நிலைமையில் 15 நாளுக்கு ஒருமுறை அடியில் வழியும்வரை நல்ல தண்ணீர் விட்டு உப்பை இறக்குங்கள்.

தேரிமணல் எழுதியது:

பனங்கொட்டையை யாரும் பேசவில்லை. அதனால் நானே வருகிறேன்.

பனையைப் பையில் போடாதீர்கள். இது கருத்து வேறுபாட்டுக்கு இடமுள்ள விஷயமே இல்லை. பனங்கொட்டை முளைக்கும்போது மேலே எதுவும் வராது. கொட்டையிலிருந்து ஒரு தண்டு கீழ்நோக்கி மண்ணைத் துளைத்துக்கொண்டு போகும். அதன் நுனியில்தான் குருத்தே இருக்கிறது. ஒரு முழம், அதற்கும் மேல் இறங்கியபின் அங்கேயிருந்து கிழங்கு திரள ஆரம்பிக்கும். நாம் தையில் அவித்துத் தின்னும் கிழங்கு அதுதான். மேலே முதல் ஓலை எட்டிப்பார்க்கப் பல மாதம் ஆகும். உங்கள் 9 இன்ச் பையில் தண்டு அடியை முட்டி மடங்கியிருக்கும். நுனி ஒடிந்தால் அந்தக் கொட்டை முடிந்தது, இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

பையின் பக்கத்தைக் கத்தியால் கிழித்து மண்ணை ஊதி ஊதி எடுங்கள். தண்டு ஒடியாமல் இருந்தால் அப்படியே தூக்கிக்கொண்டு போய், கடப்பாரையால் போட்ட துளையில் தண்டைச் செங்குத்தாக இறக்கி, துளையைச் சலித்த மணலால் நிரப்புங்கள். தேறினால் தேறும். 20 கொட்டைக்கு இவ்வளவு மெனக்கெடுவதைவிட, இது ஆவணி, பழம் உதிர்கிற காலம், புதுக்கொட்டையை நிலத்திலேயே ஊன்றுவது சுலபம். ஓர் அடிக் குழி, மரத்துக்கு மரம் 10 அடி. ஆண் பனையா பெண் பனையா என்பது பாளை விடும்வரை தெரியாது, அதற்கு 12 வருஷத்துக்கு மேலேயே ஆகும். அதனால் எண்ணிக்கையில் தாராளமாக ஊன்றுங்கள்.

மொட்டைமாடி எழுதியது:

கிழித்துப் பார்த்தேன். 20இல் 13 முளைத்திருக்கிறது! வெள்ளையாக, விரல் தடிமன், அடியில் மடங்கிச் சுருண்டிருக்கிறது. அதில் 4 மட்டும் ஒடியாமல் கைக்கு வந்தது. மற்றது போச்சு.

தேரிமணல் எழுதியது:

நாலும் இன்றைக்கே நிலத்துக்குப் போக வேண்டும். ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுபோங்கள், வெயில் படக் கூடாது.

வேர்க்கால் எழுதியது:

பனையில் கண்ணுக்குத் தெரிந்தது மற்ற மரங்களிலும் நடக்கிறது, என்ன, தெரியாமல் நடக்கிறது. புளி, புங்கன், வேம்பு எல்லாவற்றுக்கும் ஆணிவேர் ஆறேழு வாரத்தில் பையின் அடியைத் தொட்டுவிடும். பை மொட்டை மாடித் தளத்தில் நேராக உட்கார்ந்திருந்தால் வேர் வேறு வழியில்லாமல் அடியில் வட்டம் போடும். நட்ட பிறகும் அந்த வட்டம் நேராகாது, தடிக்கத்தான் செய்யும். ஐந்தாறு வருஷம் கழித்துக் காற்றில் மரம் அடியோடு சாய்ந்தால் அதன் காரணம் இந்தப் பை.

செலவில்லாத தீர்வு ஒன்று உண்டு. இரண்டு வரிசை செங்கல் அடுக்கி, மேலே கம்பி வலை போட்டு, அதன் மேல் பையை வையுங்கள். பையின் அடி மூலைகளைச் சீவிவிடுங்கள். வேர் நுனி வெளியே எட்டியதும் காற்றில் காய்ந்து நின்றுவிடும், உள்ளே பக்கவேர் கிளைக்கும். ரூட் ட்ரெய்னர் குப்பிகள் செய்வது இதே வேலைதான். உட்சுவரில் மேலிருந்து கீழாக வரிப்பு இருக்கும், வேர் வளையாமல் இறங்கும். ஆனால் 300 மி.லி. குப்பியில் நாலு மாதத்துக்கு மேல் கன்றை வைத்திருக்க முடியாது, நட நிலம் தயாராக இல்லாதவர்கள் அதை வாங்க வேண்டாம்.

பை தரையில், மண்மேல் இருந்தால் வேர் பையைத் துளைத்து நிலத்துக்குள் போய்விடும். மாதம் ஒருமுறை பையைத் தூக்கி இடம் மாற்றி வைக்க வேண்டும். ஆறு மாதம் தொடாமல் விட்டுவிட்டு நடும் நாளில் பிடுங்கினால் பாதி வேர் நிலத்திலேயே நின்றுவிடும், மூன்றாம் நாள் கன்று தலைதொங்கும்.

கரிசக்காட்டான் எழுதியது:

ஏற்கனவே சுத்திக்கிட்ட கன்னு கையில இருந்தா? நடும்போது பையக் கிழிச்சு, அடியில ஒரு இன்ச்சு மண்ணோட சேத்து வட்டமா கத்தியால அறுத்துத் தள்ளு. பக்கத்துல மூணு எடத்துல மேல இருந்து கீழ ஒரு கீறு. கன்னு ஒண்ணும் ஆவாது. பையோட நடுறவுகளப் பாத்தாத்தான் எனக்குப் பொறுக்காது.

மொட்டைமாடி எழுதியது:

சரி, இந்த வருஷம் ஐப்பசிக்கு 100 கன்று கனவுதானா?

நாற்றங்கால் எழுதியது:

ஆமாம். ஆவணி கடைசியில் ஊன்றியது ஐப்பசிக்குள் முழங்கால் உயரம்கூட வராது. பொதுநிலம் என்றால் ஆடு மாடு வரும், இரண்டடிக்குக் குறைந்த கன்று நிற்காது. கையில் இருக்கும் புங்கனை மட்டும் கார்த்திகையில் நடலாம், அதுவும் கூண்டு போட்டு. மிச்சத்தை அடுத்த வருஷத்துக்குத் திட்டமிடுங்கள்.

விதை கிடைக்கும் காலத்தைப் பிடித்தால் மற்றது தானாக வரும். புளி மாசி, பங்குனி. கொன்றைக்காய் முற்றிக் கறுப்பது மாசியிலிருந்து சித்திரை வரை. புங்கன் பங்குனியிலிருந்து வைகாசி வரை. இந்த மூன்றையும் பங்குனியில் ஊன்றினால் ஐப்பசிக்கு ஏழு மாதக் கன்று. வேம்பு, நாவல், இலுப்பை மூன்றும் ஆனி, ஆடியில்தான் பழுக்கும். அவற்றை அப்போது ஊன்றி அடுத்த வருஷ மழைக்குத்தான் நட வேண்டும்.

நடுவதற்குத் தயாரா என்று உயரத்தை மட்டும் பார்த்துச் சொல்லக் கூடாது. நிழல்வலைக்குள் நெருக்கி வைத்தால் கன்று வெளிச்சம் தேடி மூன்றடி போகும், தண்டு அகர்பத்தி மாதிரி இருக்கும். உயரத்தைச் செ.மீ.யிலும், மண் மட்டத்தில் தண்டுப் பருமனை மி.மீ.யிலும் அளந்து வகுத்துப் பாருங்கள். 60 செ.மீ. கன்றுக்கு 10 மி.மீ. பருமன் என்றால் 6 வரும், நல்ல கன்று. 10, 12 என்று வந்தால் நிழலைக் குறையுங்கள், பையைத் தள்ளித் தள்ளி வையுங்கள். நடுவதற்கு ஒரு மாதம் முன்பு முழு வெயிலுக்குக் கொண்டுவந்து தண்ணீரையும் மெல்லக் குறைத்துவிட வேண்டும்.

விதை பொறுக்குவது பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே மரத்தடியில் 100 விதையும் பொறுக்காதீர்கள். ஐந்தாறு மரத்தில், ஒன்றுக்கொன்று தள்ளி நிற்பதில் கலந்து எடுங்கள். சுற்றிலும் சொந்த இனமே இல்லாமல் ஒற்றையாக நிற்கும் மரத்தின் விதை, தன் மகரந்தத்திலேயே உண்டானதாக இருக்கும். அதில் நோஞ்சான் அதிகம்.

மஞ்சணத்தி எழுதியது:

வேப்பம்பழத்துக்கு நான் ஒன்று சேர்க்கிறேன். பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறும் பழத்தை எடுக்க வேண்டும். தரையில் பொறுக்குவதானால் தினமும் பெருக்கி அன்று விழுந்ததை மட்டும். பழத்தை ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டுக் கையால் பிசைந்தால் சதை கழன்றுவிடும். மிதப்பதை ஒதுக்கிவிட்டு மூழ்கியதை நிழலில் ஒரு நாள் உலர்த்தி மறுநாளே ஊன்றினால் ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் முளை. சதையோடு குவித்து வைத்தால் சூடேறிப் புளித்து உள்ளே பருப்பு வெந்துவிடும். காக்கை தின்று எச்சமிட்ட கொட்டை இருக்கிறதே, அது சதை நீங்கித் தயாராக வந்த விதை, விடாதீர்கள்.

நாவலில் ஒரு கொட்டையிலிருந்து இரண்டு மூன்று முளை வரும். பயப்பட வேண்டாம், அதன் சுபாவமே அப்படி. திடமானதை விட்டுவிட்டு மற்றதைக் கத்தரியால் நறுக்குங்கள். இழுத்தால் வேர் பின்னியிருப்பதால் எல்லாம் சேர்ந்து வரும்.

மொட்டைமாடி எழுதியது:

அக்கா, மாங்கொட்டையும் அப்படித்தானே? அல்போன்சா கொட்டை போட்டால் அல்போன்சா வருமா?

மஞ்சணத்தி எழுதியது:

வராது தம்பி. அல்போன்சா, பங்கனபள்ளி மாதிரி ரகங்களில் கொட்டைக்கு ஒரு முளைதான். அது மகரந்தச் சேர்க்கையில் உண்டான பிள்ளை, தாய் மாதிரி இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. மேற்குக் கடற்கரை ரகங்கள் சிலதில், வெள்ளைக்கொளம்பான், ஒலூர், சந்திரக்காரன் போன்றவற்றில், ஒரு கொட்டையில் பல முளை. அவற்றில் பெரும்பாலானவை தாயின் திசுவிலிருந்தே வந்தவை, தாயை உரித்து வைத்த மாதிரி. அதனால்தான் ஒட்டுக்கட்டும் வேர்ச்செடிக்கு அவற்றைத் தேடுகிறார்கள். எலுமிச்சையும் பல முளை இனம்தான்.

மாங்கொட்டையை ஓட்டோடு போட்டால் மாதக்கணக்கில் ஆகும், முளையும் கோணலாக வரும். தின்ற இரண்டு மூன்று நாளில் ஓட்டின் மெல்லிய விளிம்பைக் கத்தரிக்கோலால் நறுக்கிப் பிளந்து பருப்பை எடுங்கள். பருப்பில் துளையோ கறுத்த தூளோ இருந்தால் கூன்வண்டு இருக்கிறது, தூக்கிப் போடுங்கள். குழிந்த விளிம்பு கீழே பார்க்க, பாதிக்கு மேல் மண்ணில் பதிய வையுங்கள். இரண்டு வாரத்தில் செம்புநிறத் தளிர். அந்தப் பருவத்திலேயே, 10 முதல் 15 நாள் நாற்றிலேயே, ஒட்டும் கட்டலாம்.

வேர்க்கால் எழுதியது:

எலி, அணிலை யாரும் சொல்லவில்லையே. பலாக்கொட்டையும் மாம்பருப்பும் ஊன்றிய ராத்திரியே காணாமல் போகும். அரை இன்ச் கண் கொண்ட கோழிவலையை வளைத்துக் கவிழ்த்து நாலு பக்கமும் செங்கல் வைத்துவிடுங்கள். முளை வலையைத் தொடும்போது எடுத்தால் போதும்.

புங்கன் இலையில் சிறு விரல் மாதிரி முளை முளையாக வந்தால் அது சிலந்திப்பேன் இனத்தின் வேலை. கன்று சாகாது. மருந்துக்குச் செலவு செய்யாமல் அந்த இலைகளைக் கிள்ளிப் போடுங்கள்.

மொட்டைமாடி எழுதியது:

ஊரில் ஓர் ஆலமரமும் வைக்கச் சொல்கிறார்கள். ஆலம்பழத்தைக் காயவைத்துத் தூவினேன், ஒன்றும் வரவில்லை.

மஞ்சணத்தி எழுதியது:

கிளையை வெட்டிப் போத்தாக நட்டால் சுலபம்தான், ஆனால் விதைக்கன்றின் வேர்க்கட்டு அதற்கு வராது. செய்யக்கூடியதுதான், பொறுமை வேண்டும்.

முழுக்கச் சிவந்து மெத்தென்ற பழமாக எடுங்கள். பழத்தில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தால் நல்லது. உள்ளே பிறந்த குளவி வெளியேறிய வழி அது, அந்தப் பழத்தில் மகரந்தச் சேர்க்கை நடந்திருக்கிறது என்று அர்த்தம். குளவி நுழையாத பழத்தில் விதை இருந்தாலும் பதர். பழத்தைத் தண்ணீரில் பிசைந்து பத்து நிமிஷம் விடுங்கள். குளவி வளர்ந்த கூடுகளும் பதரும் மிதக்கும், மூழ்குவதே விதை. கடுகில் பாதிகூட இருக்காது. மெல்லிய துணியில் வடித்துக் காகிதத்தில் நிழலில் உலர்த்துங்கள்.

அகன்ற மண்சட்டியில் சலித்த செங்கல்தூள், மணல், கொஞ்சம் கரித்தூள். அதன் மேல் விதையைத் தூவி விட்டுவிட வேண்டும், மூடக் கூடாது. முளைக்க வெளிச்சம் வேண்டும். மேலே தண்ணீர் தெளித்தால் விதை ஓரத்துக்கு ஓடிச் சேர்ந்துவிடும். சட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைத்தால் அடியிலிருந்து ஈரம் ஏறும். வாயில் ஒரு கண்ணாடித் துண்டு, நேர் வெயில் இல்லாத இடம். முளைத்ததும் பாசி மாதிரிப் பச்சைப் புள்ளிகள் தெரியும், அழுக்கு என்று துடைத்துவிடாதீர்கள். அப்போதிலிருந்து கண்ணாடியை நாளுக்குக் கொஞ்சம் நகர்த்தித் திறந்து வையுங்கள். நாலு இலை வந்ததும் ஈர்க்குச்சியால் நெம்பி எடுத்துச் சிறு பைக்கு மாற்றலாம். எடுக்கும்போது இலையைப் பிடியுங்கள், தண்டைப் பிடித்தால் நசுங்கும்.

அரசு, அத்தி, இத்தி எல்லாவற்றுக்கும் இதே முறை. கடம்புக்கும் இதையே செய்யலாம், அதன் விதை இன்னும் பொடி, ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கும். மணலோடு கலந்து தூவினால்தான் சீராக விழும்.

மொட்டைமாடி எழுதியது:

கடைசியாக ஒன்று. சந்தன விதை ஒரு கை இருக்கிறது. மூன்று மாதமாக முளைக்கவில்லை.

நாற்றங்கால் எழுதியது:

சந்தன விதை பறித்ததும் முளைக்காது, இரண்டு மாதம் உறங்கும். அதன்பிறகும் ஒரே சீராக வராமல் ஒன்றிலிருந்து மூன்று மாதம் வரை இழுக்கும். முளைப்பைத் தூண்டும் ஜிபரெல்லிக் அமிலம் 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) கரைசலில் ஒரு ராத்திரி ஊறவைப்பது வழக்கம். 100 மி.லி.க்கு 50 மில்லிகிராம் தூள். நேராகத் தண்ணீரில் எளிதில் கரையாது, சில சொட்டு ஸ்பிரிட்டில் கரைத்துவிட்டுத் தண்ணீர் சேர்க்க வேண்டும். உரக்கடையில் 0.001 சதவீதம் என்று போட்ட திரவம் கிடைக்கும், அது வெறும் 10 பிபிஎம். அதை வாங்கி ஊறவைத்துவிட்டு முளைக்கவில்லை என்று எழுதுகிறவர்கள் நிறைய.

தட்டில் மணலில் முளைக்கவைத்து, நாலைந்து இலையில் பைக்கு மாற்றுங்கள். அந்தப் பையில் முன்கூட்டியே ஒரு துவரையோ பொன்னாங்கண்ணியோ வளர்ந்து நிற்க வேண்டும். சந்தனம் வேரால் இன்னொரு செடியின் வேரைப் பற்றி உறிஞ்சி வாழ்கிற மரம். துணை இல்லாவிட்டால் இலை வெளுத்து, ஒரு சாண் உயரத்திலேயே நின்றுவிடும். துணைச்செடி மேலே படர்ந்து நிழல் கட்டாமல் மாதம் ஒருமுறை நுனி கிள்ளுங்கள். பொதுநிலத்தில் வைப்பதற்கு முன்னால் வனத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள், சந்தனத்தை வெட்ட அனுமதி வேண்டும், திருட்டும் உண்டு.

கரிசக்காட்டான் எழுதியது:

தொவரைய ஒரே பையில ரெண்டு போட்டுறாத. ஒண்ணு போதும். ரெண்டுன்னா அது சந்தனத்த அமுக்கிரும்.

மொட்டைமாடி எழுதியது:

சீவி ஊறவைத்த 26 கொன்றையில் 24 உப்பியிருந்தது, ஊன்றிவிட்டேன். ஆறாம் நாள் 11 வளைந்து தலைதூக்கியிருக்கிறது. நாலில் தொப்பி. ஈரப்பஞ்சு வைத்திருக்கிறேன், கையை வைக்கவில்லை.